மிச்சம் இருந்தால் ஜாடிக்கு

பூஜாடி இல்லாத வீடு தமிழ்நாட்டில் அபூர்வம். பூ இருக்கும் பூஜாடி அதைவிட அபூர்வம். எங்கள் வீட்டு ஜாடி எங்கள் கல்யாணத்துக்கு வந்தது. யார் கொடுத்தது என்று மொய் நோட்டைப் புரட்டியும் தெரியவில்லை. அடியில் ஒட்டியிருந்த 'அன்பளிப்பு' சீட்டைக் கிழித்தால் அதற்குக் கீழே இன்னொரு அன்பளிப்புச் சீட்டு இருந்தது. நாங்களும் மூன்றாவது சீட்டு ஒட்டி அனுப்பியிருப்போம். வாய் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்ததால் அது எங்களோடேயே தங்கிவிட்டது. நீலக் கண்ணாடி, 22 சென்டிமீட்டர் உயரம், 8 சென்டிமீட்டர் வாய். இந்த அளவெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்பது பின்னால் வரும்.

இத்தனை வருடத்தில் பூவைத் தவிர எல்லாமே அதற்குள் குடியிருந்து பார்த்துவிட்டது. கட்டிய கரன்ட் பில், கட்ட மறந்த கரன்ட் பில், எழுதாத பேனா, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், ஒரு தெர்மாமீட்டர், மகள் சாக்கு ஓட்டத்தில் வாங்கிய மெடல். பிறகு பொருட்காட்சியில் வாங்கிய பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து ஒன்று வந்து உட்கார்ந்தது. பிளாஸ்டிக் ரோஜா வாடாது என்று விற்றவர் சொன்னது உண்மை. அழுக்கடையாது என்று அவர் சொல்லவில்லை. வீட்டில் என் வசம் உள்ள இலாகாக்கள் குறைவு: சிலிண்டர் புக் செய்வது, ஒட்டடை அடிப்பது, போகிக்கு முந்தின நாள் பிளாஸ்டிக் ரோஜாவைக் கழுவுவது. ஒவ்வொரு இதழாகக் கழற்றி, பக்கெட்டில் சோப்புத்தூள் கரைத்து ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, மொட்டைமாடியில் காயவைத்து, எந்த இதழ் எந்தப் பூவுக்கு என்று பார்த்துத் திரும்பச் சொருக வேண்டும். நிஜ ரோஜாவுக்குக் கடவுள்கூட இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார். இந்தப் போகிக்கு அந்தக் கொத்தைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, "இனிமேல் இந்த ஜாடியில் நம்ம தோட்டத்துப் பூதான்" என்று அறிவித்தேன். கலை ஆர்வம் என்று வீட்டில் நினைத்தார்கள். வேலை மிச்சம் என்று நான் நினைத்தேன்.

தோட்டம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். தாம்பரத்தைத் தாண்டி அரை கிரவுண்டு. வீடு தின்றது போக, பக்கவாட்டில் ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கும் முன்னால் ஸ்கூட்டரைத் திருப்பும் அளவுக்கும் மண் மிஞ்சியது. அதில் அம்மா நட்டது பாதி, காக்கை போட்டது பாதி: மல்லி, செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, அரளி, வேலியில் சங்குப்பூ, கேட்டுக்கு மேல் காகிதப்பூ, பின்னால் ஒரு வேம்பு, ஒரு முருங்கை. போகிக்கே அறிவித்துவிட்டாலும் பங்குனி வரை காத்திருந்தேன். மற்ற ஜீவராசிகள் சுருண்டு படுக்கும் நேரத்தில்தான் மல்லிக்கும் வேம்புக்கும் உற்சாகம் பிறக்கும்.

பங்குனியும் வந்தது, பூவும் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு பூ மலர்வதற்கு முன்பே அதற்குப் பட்டா போட்டாகிவிடுகிறது என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேப்பம்பூ ரசத்துக்கும், சித்திரை ஒன்றாம் தேதி பச்சடிக்கும். முருங்கைப்பூ பொரியலுக்கு. சங்குப்பூ பிள்ளையாருக்கு. நந்தியாவட்டை சிவனுக்கு. செம்பருத்தி அம்மனுக்கு, அம்மன் வேண்டாமென்றால் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்ச. இந்த அடங்கல் முழுவதும் அம்மாவுக்கு மனப்பாடம். "ஜாடிக்கு?" என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் போக மிச்சம் இருந்தா வச்சுக்கோடா, யாரு வேணாங்கிறா?" என்றாள். மிச்சம் என்கிற பாகம் ஒரு வீட்டில் யாருக்கு வந்து சேரும் என்று கல்யாணமான ஆண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மல்லியில் மட்டும் எனக்கு உரிமை உண்டு என்று நம்பினேன். கார்த்திகை கடைசியில் புதரை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, இலையை உருவி, வேரைச் சுற்றிக் கிளறி, எரு வைத்தவன் நான். அதற்கப்புறம் மாசியில் தளிர்த்து, பங்குனியில் கிளைக்குக் கிளை மொட்டு கட்டியது என் உழைப்பு. ஆனால் பறிப்பது என் மனைவி. விடியும் முன்பே போய், விரல் நுனியால் தடவிப் பார்த்து, அன்று சாயங்காலம் மலரப்போகும் மொட்டை மட்டும் கிள்ளுவாள். பருத்து, பச்சை முழுக்கப் போய், நுனி சற்றே இறுகியிருக்கும் மொட்டு அது. அதே கொத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் நாளைய மொட்டைத் தொடமாட்டாள். நான் பறித்தால் இன்றைய மொட்டு, நாளைய மொட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை மொட்டு எல்லாம் ஒன்றாகக் கையோடு வரும்.

மொட்டு கிடைத்தாலும் சிக்கல் தீராது. மல்லிக்குக் காம்பு என்று இருப்பது அரை அங்குலம். அதை ஜாடியில் வைக்க முடியாது, கொட்டத்தான் முடியும். ஆகவே ஒரு நாள் கிளையோடு வெட்டினேன். இலையும் மொட்டுமாக ஜாடியில் அழகாகத்தான் இருந்தது. காபியோடு வந்த மனைவி டம்ளரை மேஜையில் வைக்காமல் நின்றாள். "ஏங்க, ஒரு வாரத்துப் பூவை ஒரே வெட்டா வெட்டிட்டீங்களே!" கோடையில் மல்லி மலிவுதானே என்றேன். அது பொய்யில்லை. மார்கழி, தையில் பனிக்கு விளைச்சல் விழுந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும். சித்திரையில் வரத்து பெருகி விலை படுத்துவிடும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் எடுத்துவிட்டேன். "மதுரை மல்லிக்குக் கிடைச்சுது சரி, எனக்கு என்ன கிடைச்சுது?" என்றாள். புவிசார் குறியீட்டைப் பற்றி அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பேச்சில்லை.

அந்தக் கிளைகளை அம்மா உடனே ஜாடியிலிருந்து மீட்டு, மொட்டுகளைக் கிள்ளி முறத்தில் போட்டுக்கொண்டாள். வாழைநார் ஈரத்துணிக்குள் தயாராக இருந்தது. இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு முட்டும்படி வைத்து, நாரை ஒரு சுற்று சுற்றி, விரலால் சுருக்குப் போட்டு ஓர் இழுப்பு. கண் டிவி சீரியலில் இருந்தது. மொட்டும் நசுங்கவில்லை, முடிச்சும் நழுவவில்லை. ஒரு முழம் தலைக்கு, அரை முழம் சாமிக்கு, அப்பா படத்துக்கு ஒரு கண்ணி. மீதி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜுக்குள். பங்குனி தொடங்கி ஆனி வரை எங்கள் வீட்டுத் தயிரில் மல்லி வாசனை வரும். பூ ஃபிரிட்ஜில் இருக்கிறது, தலையில் இருக்கிறது, படத்தில் இருக்கிறது, தயிரில்கூட இருக்கிறது. ஜாடியில் மட்டும் இருக்கக் கூடாது.

இந்த நிலையில்தான் பழைய புத்தகக் கடையில் கட்டோடு எடைக்கு வாங்கியதில் இகபானா பற்றிய புத்தகம் ஒன்று அகப்பட்டது. ஜப்பான்காரர்கள் பூ அடுக்கும் இந்த வேலையை 500 வருடத்துக்கும் மேலாகச் செய்து வருகிறார்கள். கியோட்டோவில் ரொக்காகுடோ என்று ஒரு கோயில். அங்கே புத்தருக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த துறவிகளிடமிருந்து தொடங்கியது கலை. 1462-ல் செங்கெய் என்ற துறவி பூ அடுக்கியதைப் பார்க்க ஊரே திரண்டதாக ஒரு நாட்குறிப்பு சொல்கிறது. அம்மாவை மடக்க இது போதும் என்று நினைத்தேன். "பாரும்மா, இதுவும் சாமிக்கு வச்ச பூதான்." அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். "சாமிக்கு வச்சதுன்னா அப்புறம் எதுக்குடா ஹாலுக்குக் கொண்டுவந்தாங்க?" இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இருந்தது, ஆனால் அது நாலு நூற்றாண்டுகளைத் தாண்டி வந்தது. அவ்வளவு நேரம் அம்மாவை நிறுத்திவைக்க முடியாது.

நான் சொல்ல வந்த அளவு விவகாரம் இங்கேதான். சோஃபு தெஷிகஹாரா என்பவர் 1927-ல் ஆரம்பித்த சோகெட்சு பள்ளியில் பூ வைப்பதற்குக் கணக்கே இருக்கிறது. ஜாடியின் உயரத்தையும் அகலத்தையும் கூட்டி ஒன்றரையால் பெருக்கினால் முதல் கிளையின் நீளம். அதில் முக்கால் பங்கு இரண்டாவது. இரண்டாவதில் முக்கால் பங்கு மூன்றாவது. முதலாவது செங்குத்திலிருந்து 15 டிகிரி சாய வேண்டும், இரண்டாவது 45, மூன்றாவது 75. வானம், மனிதன், பூமி என்று இந்த மூன்றுக்கும் ஒரு தத்துவமும் உண்டு. கணக்குப் போட்டேன்: என் ஜாடிக்கு வானம் 45 சென்டிமீட்டர், மனிதன் 33.75, பூமி 25 சொச்சம். மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானி, சமையலறையிலிருந்து ஒரு துண்டு வாழைத்தண்டு. ஜப்பானில் பூவைக் குத்தி நிறுத்த ஈய முள்கட்டை வைத்திருக்கிறார்கள். அது இல்லாத குறைக்கு வாழைத்தண்டை ஜாடி வாயில் அடைத்து, அதில் ஓட்டை போட்டுச் செருகினேன். அன்று மத்தியானம் பொரியல் குறைந்ததற்குக் காரணம் கேட்டபோது நான் சாப்பாட்டில் கவனமாக இருந்தேன்.

வானம் 15 டிகிரியில்தான் நின்றது, நான் கையை எடுக்கிறவரை. எடுத்ததும் வானம் மனிதன்மேல் விழுந்து, மனிதன் பூமிமேல் விழுந்தான். பாகைமானியோடு மண்டிபோட்டிருந்த என்னைப் பார்த்த மகள், "அப்பா, இது ஃபிளவர் அரேஞ்ச்மென்டா, இல்ல சர்வேயா?" என்று கேட்டுவிட்டு வீடியோவும் எடுத்துக்கொண்டாள்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார் என்பார்கள். தலைவியும் தோழியும் பறித்துவந்து பாறையில் குவித்ததைத்தான் அவர் பாடினார். பாறையில் குவிப்பதென்றால் நானும் குவித்திருப்பேன். அவருக்கு 99 கிடைத்தது, எனக்குச் சாமிக்கும் சமையலுக்கும் போக மூன்று தேறவில்லை. அந்த மூன்றையும் வேறொருவர் பறித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது.

எங்கள் தெருவில் காலை நடைப்பயிற்சி ஐந்தரைக்குத் தொடங்கும். நடப்பவர்கள் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதோ இல்லையோ, பிளாஸ்டிக் பை இருக்கும். சிலரிடம் குடை இருக்கும், அதுவும் பங்குனி மாதத்தில். குடையின் வளைந்த கைப்பிடி எதற்கு என்று நெடுநாள் எனக்குப் புரியாமல் இருந்தது. ஒரு நாள் மல்லி பறிக்கும் மனைவிக்குத் துணையாக (டார்ச் பிடிக்க) வெளியே வந்தபோது, காம்பவுண்டுக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடி மட்டும் உள்ளே வந்து இட்லிப்பூக் கிளையை வளைத்தது. எட்டிப் பார்த்தேன். ஓய்வுபெற்ற பெரியவர், நெற்றி நிறைய விபூதி. "சாமிக்குத்தான் சார். ரெண்டே ரெண்டு" என்றார். பையில் இருபது தேறும். அவர் வீட்டுச் சாமிக்கு என் வீட்டுப் பூ போனால் புண்ணியம் யார் கணக்கில் வரும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் "செடிக்குத் தண்ணி பத்தலை போலிருக்கே?" என்று கண்டித்துவிட்டு நடையைக் கட்டினார்.

பள்ளியில் படித்த புறத்திணை அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. புறப்பொருள் வெண்பாமாலைக் கணக்கில், ஆநிரை கவரப் போகிறவர்கள் வெட்சி சூடிப் போவார்கள். மீட்கப் போகிறவர்கள் கரந்தை. மதிலை வளைத்துக்கொள்கிறவர்கள் உழிஞை, மதிலுக்கு உள்ளே நின்று காக்கிறவர்கள் நொச்சி. இட்லிப்பூ என்று நாம் கூப்பிடுவது அந்த வெட்சியைத்தான். அந்தக் காலத்தில் வெட்சி சூடி மாட்டைக் கவர்ந்தார்கள்; எங்கள் தெருவில் மாட்டை விட்டுவிட்டு வெட்சியையே கவர்கிறார்கள். நான் மறுநாள் முதல் லுங்கியோடு காம்பவுண்டுக்கு உள்ளே நொச்சித் திணையில் நின்றேன். எங்கள் வீட்டில் நொச்சியும் உண்டு, ஆனால் அது சளி பிடித்தால் ஆவி பிடிக்க. விடியற்காலைப் பனியில் சில நாள் நின்றதில் அதற்கும் வேலை வந்தது. வாகை சூடியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

எதிர்த்துப் போரிடுவதைவிட விட்டுக்கொடுத்த பூக்களை ஆராய்வது மேல் என்று முடிவெடுத்தேன். நந்தியாவட்டையில் சிவனுக்குப் போக நிறைய மிஞ்சியது. வெள்ளை வெளேரென்று, கிளையும் நீளமாக, ஜப்பான்காரரே பார்த்தால் மெச்சும் பூ. ஆனால் ஒடித்த இடத்தில் பால் வடியும். ஜாடித் தண்ணீர் சிறிது நேரத்தில் கலங்கிவிட்டது. பால் உறைந்து காம்பின் வாயை அடைத்துக்கொள்ள, கழுத்து வரை தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் தலை கவிழ்ந்தது. வெட்டிய நுனியைக் கொஞ்சம் தீயில் காட்டியோ வெந்நீரில் முக்கியோ எடுத்தால் பால் நின்றுவிடும் என்று புத்தகத்தில் இருந்தது. அடுப்பைப் பற்றவைத்து ஒவ்வொரு கிளையாகச் சுட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "பாலைக் காய்ச்சச் சொன்னா பூவைக் காய்ச்சுறீங்களா?" திரும்பிப் பார்ப்பதற்குள் பக்கத்து அடுப்பில் நிஜப் பால் பொங்கிவிட்டது.

அரளியை எடுத்ததும் அம்மா பிடுங்கிவிட்டாள். அதில் அவள் பக்கம்தான் நியாயம். இலை, பூ, தண்டு எல்லாம் விஷம், அது நின்ற தண்ணீரும் விஷம். நெடுஞ்சாலை நடுவில் அதை வரிசையாக நட்டு வைத்திருப்பதற்குத் தண்ணீர் அதிகம் கேட்காது என்பது ஒரு காரணம், ஆடுமாடு வாய் வைக்காது என்பது இன்னொன்று. ஆடுமாட்டுக்குத் தெரிவது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜை உள்ள வீட்டில் அரளி வெளியிலேயே நிற்கட்டும்.

பிறகு செம்பருத்தி. எங்கள் வீட்டுச் செம்பருத்தி மாதிரி பெருந்தன்மையான செடி கிடையாது. அம்மனுக்குக் கொடுத்து, எண்ணெய்க்குக் கொடுத்து, நடைப்பயிற்சிக்குக் கொடுத்து, அப்புறமும் எனக்கு இரண்டு மிச்சம் வைத்தது. காலை எட்டு மணிக்கு ஜாடியில் வைத்தேன். அடர் சிவப்பு, நடுவில் மகரந்தம் ஒட்டிய நீளக் குச்சி வெளியே நீட்டிக்கொண்டு, நீல ஜாடிக்கு எடுப்பாக இருந்தது. மூன்று கோணத்தில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சித்தப்பா ஒருவர் வணக்கம் வைத்தார், இன்னொருவர் எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொன்னார். சாயங்காலம் என் மனைவியின் அண்ணன் வருவதாக இருந்தது. வாங்கியதற்கெல்லாம் விலை கேட்கிற மனிதர். விலை கேட்க முடியாத ஒன்றை அவர் முன்னால் வைக்கப்போகிறோம் என்று பூரித்துப்போயிருந்தேன்.

செம்பருத்தி காலையில் மலர்ந்து அன்று சாயங்காலமே சுருண்டுவிடும். தண்ணீரில் வைத்தாலும் சரி, வெறும் மேஜைமேல் போட்டாலும் சரி, அதற்கு ஆயுள் ஒரு பகல்தான். ஜாடி, ஜப்பான், பாகைமானி எதுவும் அதற்குப் பொருட்டில்லை. ஆறரைக்கு வந்த மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், ஜாடியைப் பார்த்தார், நின்றார். "என்ன மாப்ள, யாருக்காவது கண்ணு பட்டுடுச்சா? வத்தலைச் சுத்திட்டு அடுப்புல போடணும், இப்படிக் கண்ணாடியில வைக்கக் கூடாது" என்றார். சுருண்ட இரண்டு பூவும் அப்படித்தான் இருந்தன. என் மனைவி காபி கலக்கும் சாக்கில் சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள். அது காபியில் சர்க்கரை இரண்டு தடவை விழுந்ததிலிருந்து தெரிந்தது.

சர்க்கரை என்றதும் நினைவுக்கு வருகிறது. ஜாடித் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டால் பூ கூடுதல் நாள் தாங்கும் என்பார்கள். பூவுக்கு அது சாப்பாடு. தண்ணீரில் உள்ள கிருமிக்கும் அதுவே சாப்பாடு என்பதால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் ஒன்றிரண்டு சொட்டு பிளீச்சும் சேர்க்க வேண்டும். காம்பைச் சாய்வாக வெட்டு, தண்ணீருக்குள் மூழ்கும் இலையைக் கிள்ளிவிடு, தினமும் தண்ணீரை மாற்று என்று மேலும் சில சட்டங்கள். எல்லாவற்றையும் செய்தேன். எறும்புக்கும் அது சாப்பாடு என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. ஜன்னல் சட்டத்திலிருந்து ஜாடி வரை ஒரே சாரி.

சித்திரை பிறந்ததும் காகிதப்பூவிடம் போனேன். இந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால்தான் பூக்கும். என்னை உத்தேசித்தே படைக்கப்பட்டது. யாரும் அதைச் சாமிக்குப் பறிப்பதில்லை, தலையில் வைப்பதில்லை, ரசத்தில் போடுவதில்லை. பட்டா இல்லாத ஒரே பூ. அதிலும் நாம் பூ என்று பார்க்கிற கலர் முழுக்க பூவே இல்லை. மூன்று பூவடிச் செதில்கள். உள்ளே தீக்குச்சித் தலையளவுக்கு வெள்ளையாக ஒன்று எட்டிப்பார்க்கிறதே, அதுதான் நிஜப் பூ. உள்ளே ஒன்றுமில்லாமல் வெளியே இவ்வளவு ஜோடனையோடு நிற்கும் பூ என்பதால் எனக்கும் அதற்கும் உடனே ஒத்துப்போனது. முள் குத்திய இடங்களில் மஞ்சள் வைத்துக்கொண்டு, ஒரு பெரிய கொத்தைச் சாப்பாட்டு மேஜையில் அலங்காரமாக வைத்தேன். அம்மாகூட "பரவாயில்லையே" என்றாள். எங்கள் வீட்டில் அது பத்ம விருதுக்குச் சமம்.

மறுநாள் காலை கொத்து மொட்டையாக நின்றது. கலர் பூராவும் மேஜையில் கிடந்தது. ஃபேன் காற்றைக் குற்றம் சொன்னேன், எறும்பைக் குற்றம் சொன்னேன், காலை நடைப்பயிற்சியையும் சந்தேகப்பட்டேன். குற்றவாளி பக்கத்திலேயே, கூடையில், மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. சித்திரை என்றால் எங்கள் வீட்டு மேஜையில் பங்கனப்பள்ளி பழுத்துக்கொண்டிருக்கும். பழுக்கிற மாம்பழமும் வாழைப்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. பக்கத்தில் உள்ள காயைப் பழுக்கவைப்பதும் அதுதான், பூவை மூப்படையவைத்து உதிர்ப்பதும் அதுதான். காகிதப்பூ இந்த வாயு பட்டால் சட்டென்று கொட்டிவிடுகிற ஜாதி. ஆக, மேஜையில் ஒன்று மாம்பழம் இருக்கலாம், அல்லது ஜாடி இருக்கலாம். இதை வீட்டில் வாக்கெடுப்புக்கு விட்டேன். ஜாடிக்கு ஒரு வாக்கு விழுந்தது. அந்த வாக்காளரும் அன்று மத்தியானம் இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஜாடி ஹால் ஜன்னலோரம் போனது. எறும்புக்குப் பயந்து சர்க்கரையை நிறுத்தினேன், சோம்பலுக்குப் பயந்து தண்ணீர் மாற்றுவதையும் நிறுத்தினேன். ஜாடியில் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாரும் பார்ப்பதில்லை என்கிற தைரியம்தான். அந்தச் சமயத்தில் கொசுப்புழு தேடும் அம்மா வந்தார். வீட்டுக்கு வீடு வந்து, மொட்டைமாடி டிரம், பழைய டயர், கொட்டாங்கச்சி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு எல்லாவற்றையும் பார்த்து, கேட்டுக்குப் பின்னால் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டுப் போவார். டெங்கு கொசு சாக்கடையைத் தேடாது; தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வெயில் நாளில் முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

அவர் ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஜாடி கண்ணில் பட்டது. அருகில் வந்தார். குனிந்தார். டார்ச்சை எடுத்து வாய் வழியே உள்ளே அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். என் ஜாடியை இவ்வளவு சிரத்தையாகப் பார்த்த முதல் மனிதர் அவர்தான். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

"தண்ணி எப்ப சார் மாத்தினீங்க?"

"நேத்து" என்றேன்.

"ஏங்க, எந்த நேத்து?" என்று சமையலறையிலிருந்து கேள்வி வந்தது.

டார்ச் வெளிச்சத்தில் என்னையும் பார்க்கச் சொன்னார். நீலக் கண்ணாடிக்குள் கமா கமாவாகப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வெளிச்சம் பட்டதும் நெளிந்து கீழே இறங்கின. என் தோட்டத்துப் பூவைக் கொண்டு நான் உருவாக்கியதில் உயிர்த்துடிப்போடு இருந்தது அது ஒன்றுதான். "பூ வைக்கிறது நல்லதுதான் சார். ஆனா தண்ணிய மாத்தாம வைக்கிறதுன்னா பிளாஸ்டிக் பூவே வச்சுக்கலாமே" என்று சொல்லிவிட்டு, தண்ணீரை வெயில் காயும் சிமென்ட் தரையில் கொட்டச் செய்து, நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். பிளாஸ்டிக் பூ என்றதும் என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் போகிப் பண்டிகை தெரிந்தது.

அன்றைக்கே தண்ணீர் மாற்றும் வேலை என் இலாகாக்களோடு சேர்ந்துகொண்டது. வருடத்துக்கு ஒரு நாள் கழுவும் வேலையை மிச்சம் பிடிக்கப் போய், தினப்படி வேலையாக வாங்கிக்கொண்டேன். பரவாயில்லை, ஒருவழியாக ஜாடிக்கு ஏற்ற பூ எது என்பது தெரிந்துவிட்டது. இட்லிப்பூதான். காம்பு கெட்டி, நீளம் போதும், பால் வடியாது, வாய் வைத்தாலும் ஒன்றும் ஆகாது (சின்ன வயதில் அதன் தேனை உறிஞ்சாதவர் யார்?). தண்ணீரை மாற்றிக்கொண்டு வந்தால் நாலைந்து நாள் சாயாமல் நிற்கும். கொத்தாகவே பூப்பதால் அடுக்கத் தெரியாதவன் வைத்தாலும் அடுக்கின மாதிரி இருக்கும். கீழே இரண்டு குரோட்டன்ஸ் இலை சேர்த்தால் மச்சான் வந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. என்ன விலை என்று கேட்டார்.

ஆகவே வீட்டில் ஜாடி வைக்க ஆசைப்படுகிற குடும்பத் தலைவர்கள் எல்லோரும் ஓர் இட்லிப்பூச் செடி நடுங்கள். நர்சரியில் விலை அதிகமில்லை. சிவப்பே போதும், மஞ்சளும் நன்றாக வரும். நடும்போது இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: காம்பவுண்டிலிருந்து ஒரு கை நீளம், அதற்குமேல் ஒரு குடை நீளம் தள்ளி.